எட்டுப் பேர், பதினாறு பாட்டு: ராக், மெட்டல் பரிந்துரைகளுக்கு மார்க் போடும் செய்முறை

ராக், மெட்டல் ரசிகர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டு கொண்டுவர, மற்றவர்கள் அவற்றைக் கேட்டுப் பத்துக்கு மார்க் போடும் சுற்று ஒன்றை நடத்துவதற்கான செய்முறை இது. எந்த ஏற்பாடும் இல்லாமல் நடத்தினால் ஜெயிப்பது பெரும்பாலும் சத்தமாக மாஸ்டர் செய்த (வெளியிடும் முன் கடைசிப் பூச்சு கொடுத்த) பாட்டு, அல்லது எல்லாருக்கும் ஏற்கெனவே பிடித்த குழுவின் பாட்டு, அல்லது சாதகமான வரிசையில் வந்து விழுந்த பாட்டு. இந்த மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சும் கருத்து வேறுபாடுதான் சண்டை போடத் தகுதியானது. கீழே உள்ள வேலையில் முக்கால்வாசி அந்தக் கழித்தலுக்கே போகிறது.

கேட்பவர்கள் எட்டுப் பேர், பாட்டு 16. இயக்குவதற்கு ஒன்பதாவதாக ஒருவர் வேண்டும். அவர் பரிந்துரைக்கவும் கூடாது, மார்க் போடவும் கூடாது. இந்த ஒன்பதாவது ஆள் கிடைக்காவிட்டால் சுற்றைத் தள்ளிப்போடுவது நல்லது. பெயரை மறைத்துக் கேட்க வைப்பது அவரால்தான் முடியும். கருவிகள்: ஒரு லேப்டாப், அதில் எஃப்எஃப்எம்பெக் (ஒலிக் கோப்பை அளந்து மாற்றி எழுதும் மென்பொருள்), ஃபூபார்2000 (பாட்டு ஓட்டும் மென்பொருள்), ஏதாவது ஒரு விரிதாள், ஐந்து அங்குல வூஃபர் கொண்ட ஆக்டிவ் மானிட்டர் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி, ஒலி அளவு காட்டும் போன் செயலி. பாட்டுகள் காசு கொடுத்து வாங்கிய ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக் கோப்பு) அல்லது சிடியிலிருந்து எடுத்த கோப்புகள். ஒரே அறையில் கேட்பதால் கோப்புகளை ஆளுக்கு ஆள் அனுப்பவேண்டிய சிக்கலும் இல்லை.

பாட்டின் நீளத்துக்கு வரம்பு எட்டு நிமிடம். அதற்கு மேல் போனால் பரிந்துரைப்பவரின் இரண்டு இடத்தையும் அந்த ஒரே பாட்டு எடுத்துக்கொள்ளும். ஸ்லீப் குழுவின் டோப்ஸ்மோக்கர் ஒரே பாட்டாக 63 நிமிடம் ஓடும். அதற்குத் தனி மாலை ஒதுக்க வேண்டும், சுற்றில் இடமில்லை. மறுமுனையில் நேபாம் டெத் குழுவின் யூ சஃபர் ஒன்றரை வினாடிகூட வராது. இப்படி மிகக் குறுகிய, அதிவேகப் பாட்டுகள் கொண்ட க்ரைண்ட்கோர் வகையைப் பரிந்துரைப்பவர்கள் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்து மூன்று நிமிடக் கட்டாகத் தரலாம்.

எந்தப் பதிப்பு என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பரிந்துரைச் சீட்டில் பாட்டின் பெயர், குழு, ஆல்பம், வெளிவந்த ஆண்டு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டு, நிமிடம்-வினாடி எல்லாம் இருக்க வேண்டும். பதிப்பின் ஆண்டைப் பலரும் எழுதாமல் விடுவார்கள். மெட்டலில் அதுதான் வில்லங்கம். ஆசி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களை 2002-ல் மறுவெளியீடு செய்தபோது பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்மையும் எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் புதிதாக வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். 2011 மறுவெளியீட்டில்தான் பழைய வாசிப்பு திரும்பியது. ஆக, அந்த ஆல்பங்களிலிருந்து ஒருவர் 'டிரம்மைக் கவனி' என்று பரிந்துரைத்தால், எந்த டிரம் என்று கேட்டே ஆக வேண்டும். மெகாடெத் 2004-ல் தன் பழைய ஆல்பங்களை மறுமிக்ஸ் செய்தபோது சில இடங்களில் குரலையே மறுபடி பாடிச் சேர்த்தது. எக்ஸடஸ் 1985-ல் வந்த தன் முதல் ஆல்பத்தை 2008-ல் முழுக்கத் திரும்பவும் பதிவுசெய்து வேறு பெயரில் விட்டது. ரஷ் குழுவின் வேப்பர் ட்ரெய்ல்ஸ் 2002-ல் சத்தம் நெருக்கி (மெதுவான இடமும் பலமான இடமும் ஒரே மட்டமாகும்படி அமுக்கி) வெளிவந்தது. 2013-ல் அதை மறுமிக்ஸ் செய்து விட்டார்கள்.

ரீமாஸ்டர் என்றால் முடிந்த மிக்ஸின் மேல் கடைசிப் பூச்சு மட்டும் மாறும். ரீமிக்ஸ் என்றால் கருவிகளின் விகிதமே மாறும். மறுபதிவு என்றால் அது வேறு வாசிப்பு. முதலாவதை இயக்குபவர் தன் விருப்பப்படி மாற்றலாம். மற்ற இரண்டும் பரிந்துரைத்தவர் சொன்னதாகவே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நீளத்தை ஒப்பிடுங்கள்: இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் வேறு மிக்ஸ், அல்லது வேறு பதிவு.

சத்தத்தைச் சமன் செய்தல்

ஒரு டெசிபல் கூடினால் யாரும் 'சத்தம் கூட' என்று சொல்ல மாட்டார்கள். 'தெளிவாக இருக்கிறது', 'அடி நெஞ்சில் விழுகிறது' என்றுதான் எழுதுவார்கள். சத்தம் ஏற ஏறக் காது பேஸையும் உச்ச ஒலிகளையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. இதை 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இன்றைய மெட்டல் மாஸ்டர் ஒன்று மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அளவுகோல், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அளவில் இருக்கும். எண்பதுகளின் சிடி மைனஸ் 15 சுற்றி இருக்கும். ஏழு டெசிபல் வித்தியாசத்தோடு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பழைய பாட்டு தோற்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கோப்பையும் எஃப்எஃப்எம்பெக்கின் ஈபியு ஆர்128 (சத்தம் அளக்கும் ஐரோப்பிய ஒலிபரப்புத் தரம்) வடிகட்டியில் ஓட்டி நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டின் சராசரிச் சத்தம், குறுகிய நேரச் சத்தத்தின் உச்சம் (மூன்று வினாடி சன்னல்), சத்த வீச்சு (மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் உள்ள தூரம்), உண்மை உச்சம் (ஒலி அலை தொடும் மிக உயர்ந்த புள்ளி). உண்மை உச்சத்தைத் தனியாகக் கேட்டால்தான் கணக்கிடும், கட்டளையில் அதைச் சேர்க்க மறக்க வேண்டாம். இலக்கு மைனஸ் 18. இலக்கிலிருந்து அளந்ததைக் கழித்தால் கூட்ட வேண்டிய அளவு கிடைக்கும்: மைனஸ் 7.5-ல் இருக்கும் பாட்டுக்கு மைனஸ் 10.5 டெசிபல், மைனஸ் 15-ல் இருப்பதற்கு மைனஸ் 3. இந்த அளவைச் சாதாரண வால்யூம் வடிகட்டியில் கொடுத்து 24 பிட் ஃப்ளாக்காக எழுதுங்கள்.

ஸ்பாட்டிஃபையின் வழக்கமான மைனஸ் 14-ஐ ஏன் எடுக்கக்கூடாது என்றால், மைனஸ் 21-ல் இருக்கும் டூம் (மிக மெதுவான, கனமான மெட்டல்) பாட்டு ஒன்றை அங்கே கொண்டுவர ஏழு டெசிபல் ஏற்ற வேண்டும். அதன் உச்சம் ஏற்கெனவே மைனஸ் 2-ல் இருந்தால் பூஜ்யம் என்ற கூரையை ஐந்து டெசிபல் அளவுக்கு இடித்துக் கிழியும். இலக்கு மைனஸ் 18 ஆக இருந்தாலும் அந்தப் பாட்டு ஒரு டெசிபல் இடிக்கும். அப்படி ஒன்று சிக்கினால் அதை மட்டும் நசுக்காமல், சுற்றில் உள்ள 16 பாட்டின் இலக்கையும் மைனஸ் 20-க்கு இறக்குங்கள். ஸ்பீக்கரின் வால்யூமைக் கூட்டிக்கொண்டால் போயிற்று.

லவுட்நார்ம் என்ற வடிகட்டி இருக்கிறதே, அதிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். ஒரே ஓட்டத்தில் அதை ஓட்டினால் பாட்டின் மெதுவான இடங்களை ஏற்றி, பலமான இடங்களை இறக்கி, ஓடஓடச் சரிக்கட்டும். இசையமைப்பில் இருந்த ஏற்ற இறக்கம் அங்கேயே போய்விடும். இரண்டு ஓட்டத்தில் நேர்க்கோட்டு முறை கேட்டாலும், உச்சம் இடிக்கும் என்று கண்டால் எச்சரிக்காமல் பழைய முறைக்கே திரும்பிவிடும். சரிக்கட்டும் முறையில் மாதிரி வீதமும் 192 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவும். வெறும் வால்யூம் வடிகட்டி முட்டாள்தனமானது, அதனால்தான் நம்பகமானது.

எண் சரியாக இருந்தும் காதுக்குத் தப்பாகப் படும் ஒரு வகை உண்டு. ஓப்பெத் குழுவின் பாணியில், இரண்டு நிமிடம் அக்குஸ்டிக் கிட்டார், பிறகு திடீரென்று முழு பாரம். அளவீட்டு முறை, சராசரியைவிடப் பத்து எல்யூ (ஒரு டெசிபலுக்குச் சமமான சத்த அலகு) தாழ்ந்த துண்டுகளைக் கணக்கில் சேர்க்காது. ஆனால் ஆறேழு எல்யூ தாழ்ந்தவற்றைச் சேர்த்துவிடும். அவை சராசரியை இழுத்துவிட, சமன் செய்த பிறகு அந்தப் பாட்டின் பலமான பகுதி மற்றப் பாட்டுகளைவிட இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். சத்த வீச்சு பத்து எல்யூவைத் தாண்டும் பாட்டுகளுக்குச் சராசரியை விட்டுவிட்டு, குறுகிய நேர உச்சத்தை மற்றப் பாட்டுகளின் குறுகிய நேர உச்சத்தோடு பொருத்துங்கள்.

நெருக்கி மாஸ்டர் செய்த பாட்டுகள் இறக்கியதும் தட்டையாகத் தெரியும். இது அநியாயம் என்று யாராவது சொன்னால், இல்லை. அதன் முகம் அதுதான். மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் 2008-ல் வந்தபோது, கிட்டார் ஹீரோ விளையாட்டுக்குக் கொடுத்த மிக்ஸ் சிடியைவிடத் திறந்த ஒலியோடு இருந்ததை ரசிகர்களே ஒப்பிட்டுக் காட்டினார்கள். அலை வெட்டுப்பட்டது சிடிக்கு முந்தைய கட்டத்திலேயே நடந்துவிட்டது. சத்தத்தைக் குறைத்தால் வெட்டு ஆறாது.

பெயரை மறைத்தல்

கோப்பிலுள்ள மெட்டாடேட்டாவை முழுக்க நீக்கும் தேர்வோடு, ஒலித் தடத்தை மட்டும் எடுத்து எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆல்பம் அட்டைப்படம் கோப்போடு ஒட்டிக்கொண்டு வந்து திரையில் தெரியும். ரீப்ளேகெயின் குறிப்புகளை (கோப்பில் எழுதிவைக்கும் சத்தத் திருத்தம்) நம்பிச் சமன் செய்திருந்தால் இந்த இடத்தில் அவையும் அழிந்துவிடும். அதனால்தான் மேலே சத்தத்தை ஒலியிலேயே மாற்றி எழுதச் சொன்னது. கோப்புப் பெயர் 01 முதல் 16 வரை எண் மட்டும். எண்ணைக் குலுக்கிப் போடுங்கள். பரிந்துரை வந்த வரிசையில் போட்டால் யாருடையது எது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

இவ்வளவு செய்தாலும் தீவிர ரசிகருக்குக் குரல் பத்து வினாடியில் பிடிபட்டுவிடும். தடுக்க முடியாததைத் தடுக்க முயல வேண்டாம், பதிவுசெய்தால் போதும். மார்க் தாளில் ஒரு கட்டம்: தெரியாது என்றால் 0, குழுவை ஊகித்துவிட்டேன் என்றால் 1, பாட்டே தெரியும் என்றால் 2. இரண்டு போட்டவர்களின் மார்க் பிரதானக் கணக்கில் சேராது, பக்கத்தில் தனியாக நிற்கும். ஒரு பாட்டுக்கு இப்படிக் கழித்த பிறகு நான்கு மார்க்குக்குக் கீழே மிஞ்சினால், அதைத் தரவரிசையில் வைக்காதீர்கள். அந்தப் பாட்டை எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும், பரிந்துரையே தேவையில்லை.

கேட்கும் நாள்

அறையின் நீளத்தை அளந்து கொள்ளுங்கள். 4.2 மீட்டர் அறையில் முதல் அதிர்வு நிலை சுமார் 41 ஹெர்ட்ஸில் விழும். பேஸ் கிட்டாரின் திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். பின்சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தவருக்கு அந்த ஸ்வரம் இரைச்சலாகக் கேட்கும், அறையின் நடுவில் இருப்பவருக்கு ஏறக்குறைய காணாமல் போகும். ஒரே பாட்டுக்கு ஒருவர் 'பேஸ் தூக்கல்' என்றும், பக்கத்தில் இருப்பவர் 'பேஸே இல்லை' என்றும் எழுதினால் இருவரும் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நாற்காலிகளைச் சுவரிலிருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் தள்ளி, சரியாக நடுவையும் தவிர்த்துப் போடுங்கள். இரண்டாவது அமர்வில் முன்வரிசையும் பின்வரிசையும் இடம் மாற வேண்டும்.

பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) அதே இலக்குச் சத்தத்தில் ஓட்டி, நடு இருக்கையில் செயலி 78 டெசிபல் ஏ (காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய டெசிபல்) காட்டும்படி வால்யூமை வைத்து, குமிழில் டேப் ஒட்டிவிடுங்கள். 85-ல் எட்டு மணி நேரம், அதற்கு மேல் மூன்று டெசிபலுக்கு ஒருமுறை நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நையோஷின் வரம்பு. நாம் அதற்கு வெகு கீழே இருக்கிறோம். ஆனாலும் காது சேதமடைவதற்கு வெகு முன்பே சலித்துப்போகும். சராசரி ஐந்தரை நிமிடம் என்றால் 16 பாட்டு 88 நிமிடம். அதை நான்கு நான்காகப் பிரித்து, 22 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அமைதி. அந்தப் பத்து நிமிடத்தில் வேறு பாட்டு போடக்கூடாது, டீ குடிக்கலாம்.

தொடக்கத்தில் மார்க் இல்லாத ஒரு பாட்டு ஓட வேண்டும், காது அறைக்குப் பழகுவதற்காக. ஏசி/டிசியின் 1980 ஆல்பமான பேக் இன் ப்ளாக்கின் தலைப்புப் பாட்டு இதற்குப் பொருத்தம்: எல்லாருக்கும் தெரியும், சத்தம் சீராக இருக்கும், கார்டுக்கும் கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அறையின் எதிரொலி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வரிசை போடும்போது ஒரே வகைப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து வராமல் பாருங்கள். நிமிடத்துக்கு 220 துடிப்பில் ப்ளாஸ்ட் பீட் (இடைவிடாத அதிவேக டிரம் அடி) ஓடிய கையோடு 110-ல் வரும் ராக் பாட்டு நொண்டுவதுபோல் கேட்கும். நடுவே 45 வினாடி இடைவெளி விட்டால் இது பெருமளவு குறையும், முழுக்கப் போகாது. மிச்சத்துக்கு இரண்டாவது அமர்வில் முழு வரிசையையும் தலைகீழாக ஓட்டுங்கள். முதல் அமர்வில் யாரும் எதுவும் எழுதக்கூடாது. இரண்டு நாள் கழித்து இரண்டாவது. மார்க் அதற்குப் பிறகுதான். திரும்பத் திரும்பக் கேட்பதே ஒன்றைப் பிடித்துப்போகச் செய்யும் என்று 1968-ல் ராபர்ட் ஜயான்ஸ் காட்டியது இங்கே நேரடியாகப் பொருந்தும்: எல்லாப் பாட்டையும் எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் கேட்டிருக்க வேண்டும். நூறு தடவை கேட்டுவிட்டு வந்தவர் தன் பாட்டுக்கு மார்க் போடக் கூடாது என்பதும் அதனால்தான். ஆக ஒருவர் போடுவது 14 மார்க். ஒரு பாட்டுக்குக் கிடைப்பது ஏழு.

பேச்சு கூடாது என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். தலையாட்டுவதைத்தான் நிறுத்த முடியாது. முன்வரிசையில் ஒருவர் தலை ஆடினால் பின்வரிசை மார்க் ஏறும், விளக்கை அணையுங்கள்.

எதைக் கேட்பது

குரலுக்கு இரண்டு, கிட்டாருக்கு இரண்டு, வரிகளுக்கு இரண்டு என்று கட்டம் போட்டுக் கூட்டும் தாளைத் தூக்கிப் போடுங்கள். வாத்தியப் பாட்டு குரல் கட்டத்தில் செத்துப்போகும், டூம் பாட்டு வேகக் கட்டத்தில் சாகும். ஒரே எண், அதோடு நேரம் குறித்த இரண்டு வாக்கியம் போதும். ஆனால் எந்த வகைக்கு எதைக் கவனிப்பது என்று முன்கூட்டியே ஒரு பக்கம் கொடுத்துவிட வேண்டும். ராக் மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு இது இல்லாமல் ஓடாது.

த்ராஷ் (வேகமான, கூர்மையான மெட்டல்) என்றால் வலது கை. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மாறும் இடத்தில் டிரம்மும் கிட்டாரும் ஒன்றாகத் திரும்புகிறதா, உள்ளங்கையால் அடக்கிய ஸ்வரங்கள் வேகத்திலும் தனித்தனியாக விழுகிறதா என்று பாருங்கள். ஸ்லேயரின் 1986 ஆல்பமான ரெய்ன் இன் ப்ளட்டில் பத்துப் பாட்டும் சேர்ந்தே அரை மணி நேரத்தைத் தொடாது. அங்கே நீளம் குறையல்ல, சதையைச் சீவியதன் விளைவு.

டெத் மெட்டலில் பொறி, கிட்டாரின் ஒலி. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவுசெய்து என்டூம்ப்ட் குழு 1990-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குப் பிறகு, பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலின் நான்கு குமிழையும் முழுக்கத் திருகி வரும் ரம்ப இரைச்சல் ஒரு தனி மரபாகவே ஆகிவிட்டது. அந்த ஒலி பிடித்தவர் ரிஃப்பைப் பார்க்காமலே எட்டு போட்டுவிடுவார். சோதனை எளிது: பாட்டு முடிந்து ஒரு நிமிடம் கழித்து ரிஃப்பை வாயால் முனகிப் பாருங்கள். வந்தால் ரிஃப் இருக்கிறது. வராவிட்டால் உங்களுக்குப் பிடித்தது பெடல்தான்.

க்ரவுல் (தொண்டையிலிருந்து வரும் உறுமல் குரல்) பற்றித்தான் அதிகச் சண்டை வரும். அதைப் பாடலாகக் கேட்டால் யாரும் ஐந்தைத் தாண்ட மாட்டார்கள். தாள வாத்தியமாகக் கேளுங்கள்: அசை ஸ்நேர் டிரம்மோடு சேர்ந்து விழுகிறதா, அதை முந்துகிறதா, மூச்சு எடுக்கும் இடம் ரிஃப்பின் முடிவோடு பொருந்துகிறதா, வாக்கிய நீளம் மாறுகிறதா. பாட்டு முழுக்க ஒரே நீள வாக்கியம், ஒரே இடத்தில் மூச்சு என்றால் அது சோம்பலான க்ரவுல். இதைச் சொல்வதற்கு அந்தக் குரல் பிடித்திருக்க வேண்டும் என்றில்லை.

ப்ளாக் மெட்டலில் கை வேகமாகவும் இசை மெதுவாகவும் போகும். வலது கை பதினாறாம் பங்கில் பறக்கும். கார்டு மாறுவது நான்கு எட்டு அடிக்கு ஒருமுறைதான். அந்த மெதுவான மாற்றத்தைக் காதால் பிடித்துக்கொண்டால் பாட்டு திறக்கும், கையைத் துரத்தினால் வெறும் இரைச்சல்தான். பதிவின் தரத்துக்கு மார்க் குறைக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஒலியைச் சுத்தப்படுத்தினால் பாட்டு மாறிவிடுமா? டார்க்த்ரோனின் ட்ரான்ஸில்வேனியன் ஹங்கர் (1994) நான்கு தடக் கேசட் கருவியில் எடுத்தது. அதைச் சுத்தப்படுத்தினால் அந்தக் குளிர் போய்விடும், ஆகவே அது இசையின் பகுதி. மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கேட்காமல் போனதை அப்படிச் சொல்ல முடியாது. பேஸை ஏற்றினால் அந்தப் பாட்டுகள் பாட்டுகளாகவே இருக்கும், கொஞ்சம் கனம் கூடும். முதல் வகைக்குக் கழிக்க வேண்டாம். இரண்டாம் வகைக்கு ஒரு மார்க் வரை கழிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

டூமுக்கு மூலம் பர்மிங்ஹாம். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, ப்ளாக் சபாத்தின் 1971 ஆல்பமான மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் கிட்டாரைப் பல பாட்டுகளில் மூன்று அரைச்சுரம் இறக்கினார்: 82.4 ஹெர்ட்ஸ் ஈ, 69.3 ஹெர்ட்ஸ் சி ஷார்ப் ஆனது. தளர்ந்த கம்பியை அடித்ததும் சுருதி ஒரு கணம் மேலே போய்த் திரும்பி வரும். அந்த வழிசல்தான் டூமின் கனம். கவனிக்க வேண்டியது ஸ்வரமல்ல, அது தேய்ந்து முடியும் நேரம்: அடுத்த அடி விழும்போது முந்தைய ஒலி இன்னும் இருக்கிறதா, டிரம்மர் அவசரப்படுகிறாரா. மெதுவாக வாசிக்கும்போது அவசரம் வேகத்தில் தெரிவதைவிட அப்பட்டமாகத் தெரியும்.

சிக்கலான தாளக் கணக்கில் வாசிக்கும் மெஷுகா குழுவின் வகைப் பாட்டுகளுக்கு 'கணக்குப் புரியவில்லை' என்று நான்கு போடுவார்கள். கிட்டாரும் கிக்கும் ஒரு நீளத்தில் சுற்றும், கையிலுள்ள சிம்பல் பெரும்பாலும் நாலுக்கு நாலாக நடக்கும். சிம்பலோடு காலைத் தட்டுங்கள். மற்றது தானாக உட்காரும். அவர்களின் எட்டுக்கம்பி கிட்டாரின் அடிக் கம்பி எஃப், 43.65 ஹெர்ட்ஸ். ஐந்து அங்குல ஸ்பீக்கர் அதை நேரடியாகத் தராது, மேல்சுரங்களிலிருந்து காதுதான் ஊகித்துக்கொள்கிறது. எனவே 'அடி ஒலி போதவில்லை' என்ற குறை ஸ்பீக்கருக்கு உரியது, பாட்டுக்கு அல்ல.

நேரடி ராக் பாட்டுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். கோரஸுக்குத் திரும்பும்போது திரும்ப வேண்டும் என்று தோன்றியதா, இல்லையா, அவ்வளவுதான்.

மார்க்கும் கணக்கும்

எண்களுக்கு அர்த்தம் கட்டாவிட்டால் எல்லாமே ஏழரையில் போய்க் குவியும். 3: பாதியில் நிறுத்தியிருப்பேன். 5: நிறுத்தவும் தோன்றவில்லை, திரும்பப் போடவும் தோன்றவில்லை. 7: இந்த வாரம் இன்னொரு தடவை கேட்பேன். 9: ஆல்பம் முழுக்கத் தேடிக் கேட்பேன். நடுவில் அரை மார்க் உண்டு. குறிப்பில் 'செம', 'வெறித்தனம்', 'மரண மாஸ்', 'ஓவர்ரேட்டட்' தடை. '2:14-ல் டபுள் கிக் நின்று பேஸ் மட்டும் போகும் நான்கு அடி' என்பது குறிப்பு. பரிந்துரைத்தவர் சீட்டில் எழுதிய பாராட்டு மார்க் பூட்டிய பிறகே வாசிக்கப்படும்.

வெறும் சராசரி ஏமாற்றும், ஏனென்றால் தாராளக் கை ஒன்று, கஞ்சக் கை ஒன்று இருக்கும். உதாரணமாக, முதல் ஆளின் 14 மார்க்குக்குச் சராசரி 7.6, விலக்கம் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 0.8. இரண்டாம் ஆளுக்குச் சராசரி 5.2, விலக்கம் 1.9. பாட்டு 04-க்கு இவர்கள் 8.4, 6.2, பாட்டு 11-க்கு 7.4, 8.4 என்று வைத்துக்கொள்வோம். (உதாரணத்துக்காகத்தான் அரை மார்க்கைத் தாண்டிய எண்கள்.) வெறும் சராசரியில் 7.3 எதிர் 7.9, அதாவது பாட்டு 11 நன்றாக முந்துகிறது. மார்க்கிலிருந்து அந்த ஆளின் சராசரியைக் கழித்து அவர் விலக்கத்தால் வகுத்தால் 04-க்கு 1.0, 0.53, 11-க்கு மைனஸ் 0.25, 1.68. இப்போது சராசரி 0.76 எதிர் 0.72. இரண்டும் சமம். கஞ்சக் கைக்காரரின் எண்கள் பரந்து கிடப்பதால், அவர் ஒருவரே முடிவை இழுத்துக்கொண்டிருந்தார்.

யாருடைய விலக்கமாவது 0.5-க்குக் கீழே இருந்தால் 0.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஏழு போட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் ஏழரை போட்டவரின் அந்த அரை மார்க் இல்லாவிட்டால் பூதாகரமாகிவிடும். பதிப்பு தவறு, தூங்கிவிட்டார், போன் அடித்தது போன்ற காரணங்களால் ஒரு மார்க் தனியாகத் துருத்தி நிற்கக்கூடும். அதற்குச் சராசரியோடு இடைநிலை எண்ணையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மார்க்) பக்கத்தில் காட்டுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகினால் குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

ஒரு பாட்டுக்கு வந்த மூல மார்க்குகளின் விலக்கம் 2-ஐத் தாண்டினால் அதைத் தரவரிசையிலிருந்து எடுத்துத் தனிப் பட்டியலில் போடுங்கள். மூன்று பேர் 9, நான்கு பேர் 3 போட்ட பாட்டுக்கு 5.6 என்ற எண் யாருடைய கருத்தும் அல்ல. இந்தத் தனிப் பட்டியலைத்தான் கூட்டத்தில் முதலில் எடுத்துப் பேச வேண்டும். முதலிடம் பிடித்த பாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இருக்காது. எல்லா க்ரவுல் பாட்டுக்கும் 3 போட்டவர் ஒருவர் இருந்தால் அவரை நீக்க வேண்டாம். க்ரவுல் பாட்டுகளுக்குள் அவர் எதற்கு 3.5 போட்டார் என்று பாருங்கள், அந்தப் பாட்டில் பெரும்பாலும் ஏதோ இருக்கும்.

கடைசியாக, கேட்பவர்களின் தடுமாற்றத்தை அளப்பது. இந்தச் சுற்றின் நடுத்தரப் பாட்டுகளில் இரண்டை, எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பெரிய குழுக்களை விட்டுவிட்டு, இயக்குபவர் அறிவிக்காமல் அடுத்த சுற்றில் வேறு எண்ணில் செருக வேண்டும். ஒரே ஆள் ஒரே பாட்டுக்கு இரண்டு சுற்றிலும் போட்ட மார்க்குகளின் வித்தியாசத்தை அதற்கு மார்க் போட்ட எல்லாருக்கும் எடுத்து, அதன் நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க்குக்குள் இருந்தால் சுற்று ஒழுங்காக நடக்கிறது. ஒன்றரையைத் தாண்டினால் இடைவேளையை நீட்டி, ஒரு அமர்வுக்குப் பாட்டை 12 ஆகக் குறையுங்கள். அதுவரை வெளியிடும் பட்டியலில் மூன்றாம் இடம், நான்காம் இடம் என்று பிரிக்காமல் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.